பெட்டிக்குள் இருக்கும் குடியுரிமை

நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களோடு வேலை செய்ய வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே குழம்புவார்கள். ஒரே லைன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்), அடுத்தடுத்த வீடு, ஒரே பேச்சு, ஒரே சொந்தபந்தம். சட்டத்தின் கணக்கிலோ ஒரு வீட்டுக்காரர் இந்தியக் குடிமகன், பக்கத்து வீட்டுக்காரர் அகதி, மூன்றாம் வீட்டுப் பிள்ளைகள் எதிலும் சேராதவர்கள். கடைவீதியில் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: சிலோன்காரங்க.

1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி, இலங்கையில் குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது 5,25,000 பேரை. விடுபட்ட 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இப்படி வந்தவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக மலைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. இவர்கள் தாயகம் திரும்பியோர், குடிமக்கள். இலங்கையில் 1983-இல் நடந்த கலவரத்துக்குப் பின் தப்பி வந்தவர்களின் நிலை வேறு. அவர்களிலும் மலையக வம்சாவளியினர், அதாவது இலங்கைத் தோட்டங்களுக்குப் போன இந்தியத் தமிழர்களின் வழிவந்தவர்கள், நிறையப் பேர் உண்டு. ஆனால் அரசுப் பதிவில் அவர்கள் அகதிகள்.

அதனால் எந்தப் படிவத்தையும் கையில் எடுக்கும் முன் கேட்க வேண்டியவை: எந்த வருஷம் வந்தீர்கள், எந்த வழியாக வந்தீர்கள், வந்தபோது கையில் என்ன காகிதம் இருந்தது? "நீங்க அகதியா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. உதவி ஏதோ வருகிறது என்று நினைத்து, குடிமகனாக வந்த பெரியவரே "ஆமாங்க" என்று தலையாட்டிவிடுவார். அந்தப் பதில் ஒரு மனுவில் ஏறிவிட்டால் பேரன் காலம் வரை பின்தொடரும்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தேதிதான் எல்லாம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடியுரிமை உண்டு. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். அந்தத் தேதி முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு, ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. தாயகம் திரும்பியவர் மகளும் அகதியாக வந்தவர் மகனும் கல்யாணம் செய்துகொண்ட வீடுகளில் மூத்த பிள்ளைக்குக் கிடைப்பது இளைய பிள்ளைக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான். 2025-இல் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது வெளிநாட்டினருக்கான சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் பாயாது என்கிறது. அது வழக்கிலிருந்து காக்குமே தவிர, குடியுரிமை தராது. தருவதாகச் சொல்லிக் காசு வாங்கும் ஏஜென்டுகளை விரட்டுவதும் இந்த வேலையில் சேர்த்திதான். அவர்கள் வாங்கித் தரும் வாக்காளர் அட்டை பிற்பாடு குடியுரிமை மனுவையே கெடுத்துவிடும்.

இனி காகிதம். பழைய பாஸ்போர்ட்டும், இலங்கையில் இந்தியத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டையும் (ரேஷன் அட்டை அல்ல) பெரும்பாலும் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில், சேலைக்குள் சுற்றிக் கிடக்கும். பந்தலூர் மழையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சுவரே வேர்க்கும்; காகிதம் சும்மா இருக்குமா? ஓரத்தில் பூஞ்சை, ஊதா முத்திரை மங்கல், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டல். அடுப்புமேட்டில் வைத்துக் காயவைத்தால் நொறுங்கும். லேமினேஷன் செய்தாலோ ஈரமும் பூஞ்சையும் உள்ளேயே அடைபடும், முத்திரை அசல்தானா என்று பார்க்க அதிகாரிக்கும் வழியிருக்காது. நிழலில் காற்றாட விட்டு, ஒட்டிய பக்கங்களை இழுக்காமல் தானாகப் பிரியவிட்டு, அட்டை முதல் வெற்றுப் பக்கம் வரை வண்ணத்தில் ஸ்கேன் எடுக்க வேண்டும். வந்திறங்கிய முத்திரை எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அசலை அலுவலகத்தில் விட்டுவிட்டு வரவே கூடாது, காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். குடும்ப அட்டை தொலைந்திருந்தால், சென்னை மறுவாழ்வுத் துறை ஆணையரகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த வருஷம், குடும்பத் தலைவர் பெயர், இலங்கையில் இருந்த தோட்டம், அந்தத் தோட்டத்தின் டிவிஷன் (உட்பிரிவு) நான்கையும் எழுதினால்தான் தேடுவார்கள்.

பெயர்தான் அடுத்த முள். பாஸ்போர்ட்டில் கருப்பாயி, தோட்டப் பதிவேட்டில் முத்துக்கருப்பாயி, ஆதாரில் முத்து என்று ஒரே ஆள் மூன்றாக நிற்பார். கெசட்டில் பெயர் மாற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. அது இன்று முதல் உள்ள பெயரைத்தான் மாற்றும், 1970-இன் பாஸ்போர்ட்டை இன்றைய ஆதாரோடு இணைக்காது. இங்கே வேண்டியது இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவருடையவையே என்று தாசில்தார் தரும் சான்று. அதற்குப் பிரமாணப் பத்திரம், மூன்று பெயர்களும் உள்ள ஆவணங்கள், கூடவே வேலை பார்த்த முதியவர் இருவரின் சாட்சியம் என்று கொடுத்தால் பெரும்பாலும் நகரும்.

சாதிச் சான்றிதழ் இன்னும் கடினம். இலங்கைப் பிறப்புச் சான்றில் இனம் என்ற கட்டத்தில் 'இந்தியத் தமிழர்' என்றுதான் இருக்கும், சாதி இருக்காது. தாசில்தார் அலுவலகம் அப்பாவின் சான்றைக் கேட்கும். அப்பாவுக்கு அது இருந்ததே இல்லை. அப்போது திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கம் பூர்வீக கிராமத்தில் இருக்கும் பங்காளிகளின் சான்றிதழும், உறவுமுறையைக் காட்டும் வம்சாவளிப் படமும் தேவைப்படும். இ-சேவையில் ஒரு வரியில் நிராகரித்தால் அப்படியே விட்டுவிடாமல், காரணத்தை எழுத்தில் வாங்கி வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ) மேல்முறையீடு செய்யலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு இதைத் தொடங்கினால் கல்லூரிச் சேர்க்கைக்குள் முடியாது. ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பிப்பது நல்லது.

வீடு, நிலம் பற்றிய மனுக்களில் ஒரு எச்சரிக்கை மட்டும். கூடலூர் ஜன்மம் (பழைய ஜமீன் போன்ற நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும், தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்ட நிலத்தில் குடியிருப்பவருக்குப் பட்டா வாங்கித் தருவதாக யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம். அங்கே மின் இணைப்பு வாங்குவதே பெரும்பாடு.

திங்கட்கிழமை ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் நாளுக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே ஒரே விதமான சிக்கல் உள்ள குடும்பங்களைச் சேர்த்து, ஆளுக்கொரு மனுவாக, ஒருவரையே பிரதிநிதியாக அனுப்பலாம். மனுவின் முதல் வரியிலேயே "1964 ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய இந்தியக் குடிமகனின் மகள்" என்று எழுதி, அடியில் பாஸ்போர்ட் எண்ணைப் போட வேண்டும். ஒப்புகைச் சீட்டை வாங்கி அன்றைக்கே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அங்கே அவர்கள் முதலில் கேட்பது அந்தச் சீட்டின் எண்ணைத்தான்.