வஜ்ரேஸ்வரி போனால் வெந்நீரில் கை வைத்துப் பாருங்கள்

மும்பையில் இருக்கும் நம்மவர்களுக்கு வஜ்ரேஸ்வரி, கணேஷ்புரி என்றால் அம்மன் கோயில், நித்யானந்தர் சமாதி, அப்புறம் மூட்டுவலிக்கு வெந்நீரில் ஒரு முழுக்கு. தாராவியில் எங்கள் தெருவில் அங்கே போகாத வீடு குறைவு. இந்த முறை அத்தையையும் அவர் பேரனையும் கூட்டிக்கொண்டு போனேன். மாஹிமில் ஏறி, அந்தேரியில் விரார் வண்டிக்கு மாறி, வசாய் ரோட்டில் இறங்கி எஸ்.டி. என்னும் அரசு பஸ். ஹைவேயைத் தாண்டிவிட்டால் வயலும் குன்றுமாகப் பாதையே வேறு.

வெந்நீர்க் குண்டங்கள் அக்லோலியில், தான்சா ஆற்றங்கரையில். கல்லில் கட்டிய தொட்டிகள்தான், ஆனால் தொட்டிக்குத் தொட்டி சூடு மாறுகிறது. ஒன்றில் குழந்தைகள் இறங்கி ஆடுகிறார்கள், அடுத்ததில் பெரியவர்களே காலை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறார்கள். கீழ்ப்படியில் உட்கார்ந்து பார்த்தால் கல் இடுக்கிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் விடாமல் ஏறி வருவது தெரியும், அங்கே விரலை வைத்தால் சுரீர் என்கிறது, லேசாகக் கந்தக வாடை. ஊற்றில் சூடு சுமார் 50 டிகிரி.

“கீழே எரிமலை இருக்காடா?” என்றார் அத்தை.

“இல்லை அத்தை.” இந்த வெந்நீர் அம்மன் வதைத்த அசுரர்களின் ரத்தம் என்பது ஊர்க்கதை. மண்ணுக்குள் நடப்பதும் அதற்குக் குறைந்த அதிசயம் இல்லை. இந்தப் பக்கத்துக் கரும்பாறை சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக ஓடியது, அது எப்போதோ ஆறிவிட்டது. மழைத் தண்ணீர் பாறை விரிசல் வழியாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் இறங்குகிறது. பொதுவாக ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். பூமி உருவான காலத்து வெப்பம் மிச்சமிருக்கிறது, அதோடு பாறைக்குள் இருக்கும் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் சிதைந்து சிதைந்து வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. சூடான தண்ணீர் வேறொரு விரிசல் வழியாக மேலே வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று பேரன் கேட்டான். எடுத்திருக்கிறார்கள். இத்தாலியில் லார்டரெல்லோ என்ற இடத்தில் 1904-லேயே பூமிக்குள்ளிருந்து வந்த நீராவியால் சில பல்புகளை எரித்துக் காட்டினார்கள், 1913-ல் மின்நிலையமே வந்துவிட்டது. ஆழத்தில் தண்ணீர் பிரஷர் குக்கரில் இருப்பதுபோல அழுத்தத்தில் கிடக்கும், 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. துளை போட்டு மேலே கொண்டுவந்தால் அழுத்தம் குறைந்து சட்டென்று ஆவியாகி, மின்சாரம் எடுக்கும் சக்கரமான டர்பைனைச் சுற்றும். சூடு அந்த அளவு இல்லாவிட்டால், சீக்கிரம் கொதிக்கும் ஐசோபென்டேன் மாதிரி வேறொரு திரவத்தை அந்த வெந்நீரால் கொதிக்க வைத்து, அந்த ஆவியால் டர்பைனைச் சுற்றுவார்கள். அலாஸ்காவில் சேனா என்ற இடத்தில் 74 டிகிரி தண்ணீரிலேயே இப்படி மின்சாரம் எடுக்கிறார்கள். வெயில், காற்று எதையும் எதிர்பார்க்காமல் ராத்திரி பகலாக ஓடும் என்பது இதன் பெரிய பலம். துளை போடும் செலவுதான் ஆளைத் தடுக்கிறது, போட்ட இடத்தில் எல்லாம் சூடு கிடைக்கும் என்றும் இல்லை.

என்னைக் கேட்டால், மின்சாரம் மின்சாரம் என்று பேசிப் பேசியே வெந்நீரை வெந்நீராகப் பயன்படுத்துவதை நாம் மறந்துவிட்டோம். இந்த மாதிரிக் குறைந்த சூட்டை மின்சாரமாக மாற்றினால் பத்தில் ஒரு பங்கு கைக்கு வந்தாலே பெரிது, மீதி வெப்பமாகவே போய்விடும். ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குக் குளிர்காய்வது நேராகப் பூமியின் சூட்டில்தான். ரெய்க்யவிக்கில் வீட்டுக்குள் ஓடி முடித்த தண்ணீரை நடைபாதைக்கு அடியில் விட்டுப் பனியை உருக்குகிறார்கள். நமக்கு அப்படி ஒரு ஊர் லடாக்கில் இருக்கிறது, பூகா பள்ளத்தாக்கு. 4,400 மீட்டர் உயரம், கடுங்குளிர், ஆனால் அங்கேயும் வெந்நீர் ஊற்றுகள். மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. அங்கே மின்சாரம் எடுக்க 2021-ல் ஒப்பந்தம் போட்டு 1 மெகாவாட் முன்னோடித் திட்டத்தோடு இறங்கியது. அந்தக் குளிருக்கு மின்சாரத்தோடு வீட்டுக்குள் சூடும் வந்தால் எத்தனை டீசல் மிச்சம்!

மும்பைக்காரனுக்குக் குளிர்காய என்ன தேவை என்று கேட்பீர்கள். வசாயில் இறங்கி அத்தை கருவாடு வாங்கினார். மழைக்காலத்தில் வெயில் இல்லை, பொம்பில் மீன் காயாது, அதுதான் விலை ஏறிவிடும் என்றார் விற்ற அம்மா. ஐஸ்லாந்தில் மீனையே பூமியின் சூட்டில்தான் உலர்த்துகிறார்கள். கருவாட்டுக்கு 40, 45 டிகிரி காற்று போதும், ஆழத் துளை வேண்டாம், அந்த ஊற்றுத் தண்ணீரைக் குழாய்களில் விட்டு மேலே மின்விசிறி வைத்தாலே காற்று சூடாகிவிடும். குளிக்கிற குண்டத்தைத் தொட வேண்டாம், ஆற்றில் சும்மா கலந்து போகும் ஊற்றுத் தண்ணீரில் ஒரே ஒரு உலர்த்தும் கொட்டகை போட்டுப் பார்க்க மகாராஷ்டிர அரசு முன்வரவேண்டும். வசாயிலிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம்தான், மீனைக் கொண்டுபோக டெம்போ இருக்கிறது.