உள்ளே போனது எவ்வளவு?

டெல்லிக்கு நர்ஸ் வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. குழந்தைகள் வார்டில்தான் அதிக நாள். ஊசி போடக்கூட நான் இவ்வளவு யோசித்ததில்லை, சப்போசிட்டரி, அதாவது ஆசனவாய்க்குள் வைக்கும் மெழுகு மாதிரியான மருந்து என்றால்தான் இன்றும் யோசிப்பேன்.

ஆர்.கே. புரத்துத் தமிழ்க் குடும்பம், மூன்று வயதுப் பையன். காய்ச்சல் 103. கொடுத்த சிரப்பையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டான். டாக்டர் 170 மில்லிகிராம் பாராசிட்டமாலை ஆசனவாய் வழியாக வைக்கச் சொன்னார். வைத்துவிட்டு, வெளியே வராமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, "சிஸ்டர், டயபர்ல போயிட்டான்" என்று அம்மா கூப்பிட்டார். மலத்தோடு மெழுகு மாதிரி ஒரு துண்டு, ஓரமெல்லாம் கரைந்து கிடந்தது.

முழுசாக வந்திருந்தால் டாக்டரைக் கேட்டு இன்னொன்று வைத்திருக்கலாம். பாதி கரைந்தது என்றால் உடம்பில் சேர்ந்தது எவ்வளவு? யாராலும் சொல்ல முடியாது. பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரல் கெடும். டாக்டர் வேண்டாம் என்றார். அடுத்த வேளை வரைக்கும் அவன் நெற்றியை நானும் அந்த அம்மாவும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தபடி இருந்தோம்.

மலக்குடலில் திரவம் சில மில்லிதான் இருக்கும், மருந்து மெதுவாகத்தான் கரையும். மலம் தேங்கியிருந்தால் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு உள்ளே தள்ளுகிறோம் என்பதும் முக்கியம். கீழ்ப்பகுதி ரத்தக்குழாய்கள் ஈரலைத் தாண்டி நேராக ரத்த ஓட்டத்தில் சேரும், மேல்பகுதிக் குழாய் ஈரலுக்கே போகும். அதனால்தான் ஒரே மருந்து ஒரு குழந்தைக்குச் சட்டென்று கேட்கிறது, இன்னொன்றுக்குக் கேட்பதில்லை.

அப்புறம் ஜூன் வெயில். உடம்புச் சூட்டில் உருகுவதற்கென்றே செய்த மருந்தை 45 டிகிரியில் கைப்பையில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனால், வீட்டில் உறைக்குள் கூழ்தான் இருக்கும்.

மழைக்குப் பின் டெங்கு வரும்போது இன்னும் கவனமாக இருப்பேன். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறைந்தவர்களுக்கு ஆசனவாயில் சின்னக் கீறல் விழுந்தாலும் ரத்தம் எளிதில் நிற்காது.

வலிப்பு வந்த குழந்தைக்கு ஊசி போட ரத்தக்குழாய் கிடைக்காத நேரத்தில் இதே வழிதான் கைகொடுத்திருக்கிறது, அதை மறக்கவில்லை. ஆனாலும் இப்போதெல்லாம் உறையைப் பிரிப்பதற்கு முன்பு அம்மாவிடம் கேட்டுவிடுகிறேன்: "இன்னைக்கு வெளிக்குப் போனானாம்மா?"