மூச்சுக் கணக்கு: ஆக்சிஜன் இல்லாத சென்னை, மூன்றாம் வரைவு

நிலவரம்: நாவலின் பன்னிரண்டு அத்தியாயங்களில் ஏழு தேறிவிட்டன. அவற்றில் நான்கைக் கிழித்துப் போட்டுத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. எட்டாவது இன்னும் வெள்ளைத் தாள். கிழித்த நான்கிலும் நடையில் குறையில்லை, மூச்சுக் கணக்குதான் உதைத்தது.

கதை சின்னது. காசிமேட்டு அஞ்சலை, வயது 16. தம்பியோடு திருமயிலையில் மருந்து வாங்கிக்கொண்டு, பறக்கும் ரயில் தண்டவாளத்தின் மேலேயே கடற்கரை ஸ்டேஷன் வரை நடக்க வேண்டும். ஏறக்குறைய 9 கி.மீ.

முதலில் விதியை ஒரே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று: காற்றிலிருந்த ஆக்சிஜன் மட்டும் போய்விட்டது, தண்ணீரிலும் கல்லிலும் பிணைந்திருப்பது அப்படியே. பிணைந்திருப்பதும் போகும் என்று வைத்தால் கடலும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை, அஞ்சலையும் இல்லை.

இந்த விதியைப் பிடித்துக்கொண்டு போனால் ஊர் தானாக மாறுகிறது. காற்றின் எடையில் 23 சதவீதம் குறைவதால் அழுத்தம் 1013 மில்லிபாரிலிருந்து 780 அளவுக்கு இறங்கும். அது ஊட்டியின் அழுத்தம். மெரினாவிலும் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும், குக்கர் இல்லாமல் சோறு சரியாக வேகாது. கேஸ் அடுப்பு பற்றாது, பைக் கிளம்பாது, அபார்ட்மென்ட் டீசல் ஜெனரேட்டர் வெறும் இரும்பு. இண்டக்‌ஷன் அடுப்பும் மின்சார ரயிலும் மின்சாரம் கிடைத்தால் ஓடும். ஆக்சிஜனோடு ஓசோனும் போய்விட்டதால் பகல் வெயில் தோலைப் பொசுக்கும். வெளியே நடக்கும் காட்சிகள் எல்லாம் இரவுக்கு மாறின. தீக்குச்சி மருந்தில் தன் ஆக்சிஜனைத் தானே தரும் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது, உரசினால் தலை மட்டும் சீறி அணையும், குச்சி பிடிக்காது. பட்டாசு ராக்கெட்டோ கரிமருந்திலுள்ள வெடியுப்பை வைத்தே மேலே போய்விடும். காசிமேட்டுக்கு அஞ்சலை அனுப்பும் சைகை அதுதான். இதில் மட்டும் கணக்கு கதைக்கு உதவி செய்தது.

இரண்டாம் அத்தியாயம்தான் முதலில் விழுந்தது. தம்பியின் மாஸ்க் கழன்று, அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் திணறுவதாக இருந்தது. சினிமாவில் அப்படித்தான், உடம்பில் அப்படியில்லை. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது ஆக்சிஜன் குறைவல்ல, கரியமில வாயு சேர்வது. வெறும் நைட்ரஜனை இழுத்து விடுகிறவன் கரியமில வாயுவை வழக்கம்போல் வெளியேற்றிவிடுகிறான், அதனால் முட்டாது. மாறாக, ரத்தத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் நுரையீரல் வழியாக வெளியே போய்விடும். பத்துப் பதினைந்து வினாடியில் நினைவு தப்பும். மூச்சை அடக்கிக்கொண்டவனுக்கு இதைவிடப் பல மடங்கு நேரம் கிடைக்கும். இப்போது காட்சியில் தம்பி, “அக்கா, இன்னும் ரெண்டு ஸ்டேஷன்தா…” என்று சொல்லும்போதே உட்கார்ந்துவிடுகிறான். சத்தமே இல்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் முதலில் படிக்கும் பாடம்: “கழன்டா இழுக்காதே.”

நான்காவதில் அஞ்சலை முதுகில் சுமக்கும் மூச்சுப் பை. முதல் கணக்கு: நடக்கும்போது நிமிஷத்துக்கு 25 லிட்டர் காற்று இழுப்பாள், இரண்டு மணி நேரத்துக்கு 3000 லிட்டர். ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கும் பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரில் இருப்பது 1500. அதாவது இரண்டு சிலிண்டர், முப்பது கிலோ அளவுக்குச் சுமை. பதினாறு வயதுப் பெண் அதைச் சுமந்து ரயில் பாலத்தில் ஏற மாட்டாள். வெளிக்காற்றோடு ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் 600 லிட்டரில் முடியும், ஆனால் கலக்கும் வால்வு அடைத்துக்கொண்டால் மேலே சொன்ன பத்து வினாடிதான். உடம்பு உண்மையில் எடுத்துக்கொள்வது நிமிஷத்துக்கு ஒரு லிட்டர், ஆக மொத்தம் 120. விட்ட மூச்சையே பைக்குள் சுற்றவிட்டு, கரியமில வாயுவை மட்டும் சுண்ணாம்பால் பிடித்துக்கொண்டால், 150 பார் அழுத்தத்தில் ஒரு லிட்டர் குப்பி போதும். மொத்தப் பை ஐந்து கிலோவுக்குள் அடங்கும்.

கதை திரும்பிய இடம் இது. ஆக்சிஜன் இல்லாத உலகில் தட்டுப்பாடு ஆக்சிஜனுக்கு அல்ல, சுண்ணாம்புக்கு. 44 கிராம் கரியமில வாயுவுக்கு 74 கிராம் நீர்த்த சுண்ணாம்பு வேண்டும். ஒரு ஆள் ஒரு நாளில் விடுவது ஒரு கிலோ. ஏட்டுக் கணக்கிலேயே 1.7 கிலோ சுண்ணாம்பு. நடைமுறையில் இரண்டைத் தாண்டும்.

அதுவும் வெற்றிலைச் சுண்ணாம்பை டப்பாவில் அப்பிவிட்டால் ஆகாது. தூளாக இருந்தால் காற்று போகாது. 3 முதல் 5 மி.மீ. குருணையாக இருக்க வேண்டும். காய்ந்திருந்தால் வாயுவைப் பிடிக்காது, 15 சதவீத ஈரம் வேண்டும், கூடவே கொஞ்சம் காஸ்டிக் சோடா. தளர்வாக நிரப்பினால் காற்று டப்பாவின் ஓரமாகவே ஓடிவிடும். நடுவில் சுண்ணாம்பு புத்தம் புதிதாக இருக்கும்போதே தலைவலி வரும். உள்ளே தண்ணீர் புகுந்தால் காரக் கரைசல் வாய்க்கு வந்து தொண்டையைப் புண்ணாக்கும். வேலை செய்யும்போது சூடாகும், ஆகவே இழுக்கும் காற்றும் சூடு. சென்னையில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பையில் பழைய நைட்ரஜன் தங்கினால் அதையே சுற்றிச் சுற்றி இழுத்து மயங்க வேண்டியதுதான், எனவே மாட்டியதும் ஆக்சிஜனால் இரண்டு மூன்று முறை கழுவி விட வேண்டும்.

சில்லறைத் திருத்தங்கள்: நாயகனின் தாடி போயிற்று, மாஸ்க் ஓரம் ஒட்டாது. (இதற்கு வாசகர்கள் மன்னிக்க மாட்டார்கள்.) தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையால் சிலிண்டர் வால்வைத் திறக்கும் வரியும் போயிற்று, அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். மூக்கு மாஸ்க் மட்டும் போதாது, கருவிழி ஆக்சிஜனை நேராகக் காற்றிலிருந்து எடுக்கிறது. கிடைக்காவிட்டால் சில மணி நேரத்தில் வீங்கி, விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். முகம் முழுக்க மூடும் மாஸ்க்தான்.

ஐந்தாவது, ஹவுசிங் போர்டு வீட்டில் அடைபட்ட குடும்பம். 10-க்கு 10 அறை, உயரமும் பத்தடி: 28,300 லிட்டர் காற்று. நாலு பேர் என்றால் ஒன்பது மணி நேரத்தில் கரியமில வாயு 3 சதவீதத்தைத் தொட்டுத் தலை இடிக்கத் தொடங்கும். அப்போதும் ஆக்சிஜன் 17 சதவீதம் இருக்கும். முதல் வரைவில் சுவரில் மாட்டியது ஆக்சிஜன் மீட்டர். தப்பான மீட்டர். கான்கிரீட் சுவரையும் மறக்கக் கூடாது. அரிசோனாவில் காற்றுப் புகாமல் மூடிய சோதனைக் கூடமான பயோஸ்ஃபியர் 2-க்குள், 1991-இல் எட்டுப் பேர் போனபின், ஆக்சிஜன் 21-இலிருந்து 14 சதவீதம் அளவுக்கு இறங்கி, 1993-இல் வெளியிலிருந்து செலுத்த வேண்டி வந்தது. மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றன. அவை விட்ட கரியமில வாயுவைக் கான்கிரீட் குடித்துவிட்டதால் காரணம் பிடிபட நாளாயிற்று.

ஏழாவதில் அஞ்சலை கடல் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு ஆக்சிஜன் எடுத்தாள். உப்புத் தண்ணீரில் நேர்முனையில் வருவது குளோரின், குடும்பமே காலி. நெம்மேலியில் உப்பு நீக்கிய தண்ணீர், அதில் காஸ்டிக் சோடா என்று மாற்றியபின் நின்றது. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 840 கிராம் ஆக்சிஜன். ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர், ஐந்தரை யூனிட் மின்சாரம். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் சுமார் நாலு யூனிட் தரும். அப்படியானால் தலைக்கு மூன்று பெரிய பேனல். 2019-இல் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊருக்கு ஒரு லிட்டர் பெரிசில்லை. மாடி யாருடையது என்பதுதான் பெரிசு. ஓ.எம்.ஆர். அடுக்குமாடிக்கும் காசிமேட்டுக் குடிசைக்கும் உள்ள சண்டை இங்கிருந்து தானாகவே வந்தது, வில்லன் தேவைப்படவில்லை.

பாக்கி எட்டாவது: சுண்ணாம்புச் சூளை. பழவேற்காட்டுக் கிளிஞ்சல் எத்தனை நாளைக்கு வரும்? வேலை முடிந்த சுண்ணாம்பை 900 டிகிரியில் சுட்டு, தண்ணீர் தெளித்தால் மறுபடி பயன்படும். விறகு எரியாது, மின்சூளைதான். ஒரு ஆளின் ஒரு நாள் சுண்ணாம்பைப் பிரிக்கவே ஒரு யூனிட்டுக்கு மேல். சூடேற்றுவதும் வீணாகும் சூடும் சேர்த்தால் இரண்டு மடங்கு. சுடும்போது பிடித்து வைத்த கரியமில வாயு அத்தனையும் வெளியே வரும் என்பதால் சூளையை அடைப்புக்குள் வைக்க முடியாது. தினமும் ஒருவர் வெளியே நின்று அள்ளிப் போட வேண்டும், அவர் நிற்கும் நேரத்துக்கும் சுண்ணாம்பு செலவாகும். அந்த ஆளாக இப்போதைக்கு அஞ்சலையின் அப்பாவை வைத்திருக்கிறது. அவர் ஷிப்ட் எத்தனை மணி நேரம் என்பது மட்டும் இன்னும் போடவில்லை.