நீலப் புகை

டீசல் மெக்கானிக்கை நம்பிக் கறி அடுப்பை விட்டுவிட்டுப் போகக் கூடாது. காக்கா (எங்கள் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இப்போது போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான். அந்த மெக்கானிக், நாஸில் அண்ணனைக் கேட்டால், புகையைப் பற்றித் தெரியாதவன் அடுப்பே பற்ற வைக்கக் கூடாது என்கிறார். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் இதைச் சொல்கிறார்கள்.

பெரியபட்டினம் பக்கம் காக்காவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. சவூதியில் தம்மாமில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு வந்தவர்கள் வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டுவார்கள். இவர் பழைய ஃபார்கோ லாரி ஒன்றை வாங்கித் தோப்பில் நிறுத்தினார். அந்தக் காலத்தில் பிரீமியர் கம்பெனி செய்த மூக்கு லாரி. ஓடாது. ஸ்டார்ட் பண்ணுங்கள் என்றால், டிரைவர் சீட்டில் கோழி அடை கிடக்கிறது, குஞ்சு பொரிக்கட்டும் என்பார். எனக்குத் தெரிந்து சீட்டில் கோழி மாறியிருக்கிறதே தவிர, அடை முடிந்தபாடில்லை.

உப்பு மாமாவின் வண்டி ஓடும். டாடாவும் பென்ஸ் கம்பெனியும் 1954-ல் கூட்டுச் சேர்ந்து 1969 வரை செய்த வண்டிகளில் ஒன்று. முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. வாலிநோக்கத்திலிருந்து காலமெல்லாம் உப்பு ஏற்றியதில் பாடி பாதி துரு, மீதி பெயின்ட். ஆனாலும் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "நம்ம வீட்ல பென்ஸ் நிக்குது" என்று கூசாமல் சொன்னவர். பெண் வீட்டார் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். நட்சத்திரம் இருந்ததால் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

நாஸில் அண்ணனிடம் பெட்போர்டு லாரி ஒன்று இருக்கிறது, பாகம் பாகமாக. சேஸ் பட்டறையில், என்ஜின் வீட்டுத் திண்ணையில், ஸ்டியரிங் மச்சினன் வீட்டுப் பரணில். என்னிடம் இருப்பது டிவிஎஸ் 50. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற வண்டி என்பதால் பெரிய மனசு பண்ணிப் பழைய வண்டிக்காரர்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

கூடினால் பாம்பன் பாலம்தான் பேச்சு. 1988 அக்டோபர் 2-ஆம் தேதி ரோட்டுப் பாலம் திறந்தார்களே, அதில் முதலில் லோடு கொண்டுபோனது யார் வண்டி என்பது தீராத வழக்கு. மாமா தன் வண்டி என்பார். நாஸில் அண்ணன் தன் பெட்போர்டு என்பார். "ஸ்டியரிங் மட்டும் போச்சா, சேஸும் கூடப் போச்சா?" என்று காக்கா கேட்பார். அதற்குள் டீ வந்துவிடும்.

சரி, கறிக்கு வருகிறேன். தம்மாமில் காக்காவோடு வேலை பார்த்த டெக்ஸாஸ்காரர் ஒருவர், லீவு நாளில் கறியை நெருப்பிலேயே காட்டாமல் புகையில் வேக வைப்பாராம். 110 டிகிரிக்கு மேல் விடாமல், பகல் முழுக்க. அதற்கென்று மெஸ்கீட் என்று ஒரு விறகு, அங்கே பாக்கெட் போட்டு விற்கிறார்கள். விசாரித்துப் பார்த்ததில் அது நம் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி மரம் என்று காக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்துகொண்டு சீமைக்கருவேலத்துக்குக் காசு கொடுப்பானா ஒருத்தன்? அன்று ராத்திரி மனிதர் தூங்கியிருக்க மாட்டார்.

தேங்காய் எண்ணெய் வந்த இருநூறு லிட்டர் டிரம்மை நெடுக அறுத்து, கீல் வைத்து, கீழே காற்றுக்கு ஒரு வழி, மேலே புகைபோக்கிக்குப் புது சைலன்சர் பைப். உள்ளே எவ்வளவு சூடு என்று பார்க்க மீட்டர் வேண்டுமே. கடையில் வாங்கலாம் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாஸில் அண்ணன் மாமாவின் வண்டியிலிருந்து ஹீட் மீட்டரை அந்த மெல்லிய செம்புக் குழாயோடு கழற்றி, வெந்நீரில் போட்டுத் தேய்த்து, டிரம் மூடியில் மாட்டினார். ரேடியேட்டர் தண்ணீர்ச் சூட்டைக் காட்டுகிற மீட்டர், ஆட்டுத் தொடைக்கு வந்து உட்கார்ந்தது.

உப்பு, மிளகு, பூண்டு தடவி முந்தின ராத்திரியே தொடைகள் ஊறியிருந்தன. காலையில் பற்ற வைத்தால், விறகு சரியாகக் காயவில்லை. வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பிவிட்டது. கச்சான் காற்று அதை அப்படியே வாரி, கிழக்கே கருவாடு காயப்போட்டிருந்த அக்காவின் சாளை மீன் மேல் கொண்டுபோய்ப் போட்டது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் ரோட்டில் போன ஒருவர் பைக்கை ஓரங்கட்டிவிட்டு, "கரி மூட்டம் போட்டிருக்கீங்களாண்ணே, மூட்டை என்ன விலை?" என்றார்.

"கரி இல்லப்பா, கறி" என்றார் காக்கா.

"அதான் கேக்குறேன், மூட்டை என்ன விலை?"

டிரம் மூடியைத் திறந்து காட்டித்தான் அவரை அனுப்ப முடிந்தது.

வெள்ளைப் புகை கறியில் ஏறினால் கசக்கும். விறகு காற்று கிடைத்து நன்றாக எரியும்போது, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லிசாக நீலப் புகை வரும். அதுதான் பதம். காக்கா இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னார். சொன்ன நேரத்தில் நாஸில் அண்ணன் பெட்போர்டுக்கு ஒரு பம்ப் கிடைக்கிறதென்று போனில் இருந்தார்.

மதியம் காக்கா லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனார். நானும் மாமாவும் பரோட்டாவுக்குச் சொல்லிவிட்டு வரக் கிளம்பினோம். காவலுக்கு நாஸில் அண்ணன்.

மெக்கானிக் கண்ணுக்குப் புகை என்றால் வேறு கணக்கு. கறுப்பாக வந்தால் டீசல் அதிகம், இல்லையென்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு. வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமல் வருகிறது, அல்லது தண்ணீர் இறங்குகிறது. நீலமாக வந்தால்தான் வயிற்றைக் கலக்கும்: ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது, என்ஜினை இறக்கியாக வேண்டும்.

நாங்கள் திரும்பி வந்தபோது டிரம்மின் காற்று வழியெல்லாம் ஈரச் சாக்கால் அடைத்துக் கிடந்தது. தோப்பே தெரியவில்லை. உள்ளேயிருந்து நாஸில் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நல்ல வேளை நான் இருந்தேன் காக்கா. நீலமா அடிச்சுச்சு. கொழுப்பு எரியுதுன்னு உடனே அடைச்சுட்டேன். இப்பப் பாருங்க, சுத்தமா வெள்ளை."

காக்கா தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். அதற்கப்புறம் அவர் பேசியதை எழுத முடியாது.

மறுபடி நெருப்பைத் தேற்றி எடுத்தோம். கறிக்குள் சூடு பார்க்கத் தனியாகக் குத்தியிருந்த தெர்மாமீட்டர் எழுபதில் வந்து நின்றது. நின்றது என்றால், அசர் தொழுகை முடிந்தும் எழுபதுதான். மண்பானையில் தண்ணீர் கசிந்து குளிர்கிற மாதிரி, கறியும் வியர்த்து வியர்த்துத் தன்னைத் தானே குளிர வைத்துக்கொள்கிறதாம். வாழை இலையில் பொதிந்து உள்ளே தள்ளியதும் முள் நகர ஆரம்பித்தது. தொண்ணூறு தாண்டி எடுத்தபோது ராத்திரி ஆகிவிட்டது. பரோட்டா ஆறிப் போயிருந்தது.

மேல் தோல் லேசாகக் கசந்தது. உள்ளே, சொல்லக் கூடாது, எலும்பைப் பிடித்து இழுத்தால் எலும்பு மட்டும் கையோடு வந்தது. காக்கா எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உப்புக்கண்டம்தானப்பா?" என்றார் மாமா, இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டே. "எங்காத்தா அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிடும்."

கருவாட்டு அக்காவும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டார். சூரையை அவித்துப் புகை போட்டு மாசி பண்ணுகிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், இதற்குப் போய் ஒரு பகலா என்று கேட்டுவிட்டு, சாளைக்கு நஷ்டக் காசும் கேட்டார்.

"நான் அடைச்சதாலதான் புகை உள்ள வரைக்கும் இறங்குச்சு" என்று நாஸில் அண்ணன் ஆரம்பித்தார். காக்கா இன்னும் கொஞ்சம் கறியைப் பிய்த்து அவர் தட்டில் போட்டார். போட்டுவிட்டுத் திட்டினார்.

மாமா கிளம்பப் பார்த்தபோதுதான் சிக்கல். டிரம் கொதித்துக்கொண்டிருந்தது, மீட்டரைத் தொட முடியாது. ஹீட் மீட்டர் இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று அவர் கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டார். மாமி போன் பண்ணினார். வண்டி ரிப்பேரா என்று கேட்டிருப்பார் போல.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. மீட்டர்தான் இல்ல."

"..."

"ஆட்டுத் தொடைக்கு மாட்டியிருக்கு."

போன் கை மாறியது. மருமகள் குரல் எங்களுக்கே கேட்டது. "மாமா, எங்க அப்பாகிட்ட நீங்க பென்ஸ்னுதானே சொன்னீங்க?"

"டவர் கிடைக்கலம்மா" என்று மாமா போனை வைத்தார்.