குளிக்கிற தண்ணீர் எங்கே போகிறது?

இலங்கை மலையகத்தில் எல்ல என்கிற ஊரில் ஒரு சின்ன ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்வது என் வேலை. பண்டாரவளையில் சுற்றுலா, ஹோட்டல் வேலை படிக்க அரசாங்கக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் சீசனில் ஒருநாள் லீவு கேட்பதற்கே யோசிக்கிற எங்களுக்கு மாதக்கணக்கில் படிப்பதெல்லாம் எட்டாத காரியம். அதனால், நிலைபேறான சுற்றுலா, அதாவது சூழலையும் ஊர் மக்களையும் கெடுக்காத சுற்றுலா பற்றி ஹோட்டல் ஊழியர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி என்று கேள்விப்பட்டதும், நானும் குசினியில் வேலை செய்யும் அக்காவும் முந்திக்கொண்டு பெயர் கொடுத்தோம்.

தொடக்கத்தில் படம் போட்டு நிறையச் சொன்னார்கள். காலநிலை மாற்றம், கார்பன். சரி, அதுவும் தெரிய வேண்டியதுதான். என் மனதைத் தொட்டது அதற்குப் பிறகு நடந்தது.

பயிற்சியாளர் எல்லோரையும் எழுப்பிக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். "மேல ரூம்ல குளிக்கிற தண்ணி எங்க போகுதுன்னு பார்த்துக்கிட்டே வாங்க" என்றார். கழிவுநீர்க் கான் ஓரமாக இறங்கினோம். குழாய் முடிகிற இடத்தில் வெள்ளை நுரை தேங்கி நின்றது, ஷாம்பு வாசம், சுற்றியிருந்த புல் மஞ்சளாகக் கருகியிருந்தது. அங்கிருந்து தேயிலைக்குள் புகுந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற ஓடையில் போய்ச் சேர்கிறது அந்தத் தண்ணீர். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வருகிற பெண்கள் கைகால் கழுவுவதும் துணி துவைப்பதும் அந்த ஓடையில்தான். என் சித்தி குடும்பம் அந்த லயத்தில்தான் இருக்கிறது. அக்கா ஒன்றும் பேசாமல் நின்றார்.

மலையில் மேலே செய்வதெல்லாம் கீழே இருப்பவன் தலையில்தான் விழும். ஹோட்டல்கள் முகட்டில், லயங்கள் பள்ளத்தில். மலையகத்தில் சூழலைக் காப்பது என்றால் அந்த லயத்து மனிதர்களையும் சேர்த்துத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கைக்கு உதவுகிற விஷயங்களும் கிடைத்தன. கழிப்பறை கழுவும் அசிட்டோடு பிளீச் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இது மூச்சு சம்பந்தப்பட்டது, எங்கள் வேலையில் சேரும் எந்தப் பிள்ளைக்கும் முதல்நாளே சொல்ல வேண்டும். விருந்தினர் தொங்கவிட்ட துவாயைத் துவைக்கப் போடத் தேவையில்லை. கீழே போட்டதை மட்டும் எடுத்தால் போதும். வெயில் காலத்தில் பவுசரில் தண்ணீர் வாங்குகிற ஊருக்கு இது சின்ன விஷயமா?

குசினி அக்காவுக்குப் பிடித்தது காலைச் சாப்பாட்டுப் பார்சல். உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பைப் பனி மூடுவதற்கு முன்னால் பார்க்க, ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியுமுன்பே வாகனம் ஏறுவார்கள். மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் தலைநீர் அங்கேதான். 2010இல் உலக மரபுரிமை ஆன இடம். பொலித்தீனை வாசலிலேயே சோதித்து எடுத்துவிடுவார்கள். உள்ளே போனால் மரை என்கிற பெரிய மான் தின்றுவிடும். அக்கா இப்போது ரொட்டியை வாழையிலையில் மடித்து, திருப்பிக் கொண்டுவரும் டப்பாவில் வைத்துக் கொடுக்கிறார். பிளாஸ்டிக் ஸ்ட்ரோவும் கரண்டியும் 2023 ஒக்டோபரிலிருந்தே நாட்டில் தடை.

ஒரு குறை மட்டும் உண்டு. முதலாளிமாரோ மேனேஜர்மாரோ ஒருவர்கூட வந்து உட்காரவில்லை. துவாயை நான் பார்த்துக்கொள்வேன், பார்சலை அக்கா பார்த்துக்கொள்வார். குசினிக் கழிவில் எண்ணெய் பிடிக்கும் தொட்டியும், குளியல் தண்ணீருக்கு உறிஞ்சுகுழியும் கட்டுவதற்குக் காசு எடுக்க எங்களால் முடியாது. கருத்துப் படிவத்தில் அதைத்தான் எழுதினேன்: அடுத்த பயிற்சியை மழைக்காலத்தில், ஹோட்டல்களில் ஆள் குறைந்த நேரத்தில் வையுங்கள், குறிப்புகளைத் தமிழிலும் அச்சடியுங்கள், மேனேஜர் வராத ஹோட்டலுக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள்.