இழையில் ஒளிந்திருந்த வேறுபாடு

1931-இல் ஹைன்ஸ் ஹோப்ஃப் வெளியிட்ட, முப்பரிமாணக் கோளத்திலிருந்து இருபரிமாணக் கோளத்துக்குச் (பந்தொன்றின் மேற்பரப்புக்குச்) செல்லும் சார்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே ஒரு வட்டம் நிற்பதால், அதன் ஹோமோடோபி இழையும் (ஒரு புள்ளிக்கு மேலே இருப்பவற்றை, அங்கே செல்லும் பாதைகளையும் சேர்த்து எண்ணிய வெளி) வட்டமே. அதையே ஒருமுறை சஸ்பென்ஷன் (இருபுறமும் ஒரு பரிமாணம் கூட்டும் செயல்) செய்து, நாற்பரிமாணக் கோளத்திலிருந்து முப்பரிமாணக் கோளத்துக்குக் கொண்டுசென்றால் அந்த எளிமை போய்விடுகிறது. இழையின் ஹோமாலஜி (ஒவ்வொரு பரிமாணத்திலும் உள்ள துளைகளை எண்ணும் குலங்கள்) இரட்டைப்படைப் பரிமாணங்கள் எல்லாவற்றிலும் முடிவின்றி நீள்கிறது.

நேற்றிரவு செர்ரின் நிறமாலைத் தொடரால் (அடிவெளி, இழை ஆகியவற்றின் ஹோமாலஜியிலிருந்து முழுவெளியின் ஹோமாலஜியைப் படிப்படியாகக் கணிக்கும் முறை) இதைக் கணக்கிட்டபோது, அனைத்தும் இரட்டைப்படைப் படியிலேயே அமைவதால் ஒரு படியிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் வகையீடுகள் சுழியாகி, எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்கு அனுப்பும் மாறிலிச் சார்பின் இழைக்கும் இதே ஹோமாலஜிக் குலங்கள்தாம் கிடைத்தன (சற்று ஏமாற்றந்தான்). இரண்டையும் பிரித்துக்காட்டுவது மூன்றாம் ஹோமோடோபிக் குலம் (முப்பரிமாணக் கோளத்தை அந்த வெளிக்குள் அனுப்பும் வெவ்வேறு வழிகளின் குலம்): மாறிலிச் சார்பின் இழையில் அதற்கு 2 உறுப்புகள் உண்டு, மற்றதிலோ அது அற்பக் குலம் (ஒரே உறுப்புடையது), ஏனெனில் முப்பரிமாணக் கோளத்தின் நான்காம் ஹோமோடோபிக் குலத்தைப் பிறப்பிப்பதே சஸ்பென்ஷன் செய்த அந்தச் சார்புதான்.