ஹெனோகோ வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள்

ஜப்பானின் ஒகினாவா தீவில், தலைநகர் நாஹாவிலிருந்து 77ஆம் எண் பஸ்ஸில் ஏறினால் ஹெனோகோ போய்ச்சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒகினாவா வருகிறவர்கள் அதிகம் இறங்காத ஊர். நான் போனது, கடலைத் தூர்த்து விமான ஓடுபாதை போடுவதை எதிர்த்து அங்கே கேம்ப் ஷ்வாப் என்ற அமெரிக்கப் படைத்தளத்தின் வாசலில் நடக்கும் போராட்டத்தைப் பார்க்க.

வாசலுக்கு எதிரே சாலையோரமாகக் கூடாரம். உட்கார்ந்த நாட்களின் கணக்கு ஒரு பலகையில் இருக்கிறது. 2014 ஜூலையில் ஆரம்பித்த போராட்டம், நான் போனபோது மூவாயிரம் நாட்களைத் தாண்டியிருந்தது.

காலை ஒன்பது மணிக்கு, கடலைத் தூர்க்க மண் ஏற்றிய லாரிகள் வரிசைகட்டின. வழியை மறித்து முப்பது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். போலீஸார் ஒவ்வொருவராகக் கைகாலைப் பிடித்துத் தூக்கி ஓரத்தில் விட்டார்கள். தூக்கும்போது ஒரு பாட்டி தொப்பியை மட்டும் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். இறக்கிவிட்டதும் கழன்ற செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே போகும் லாரிகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். மத்தியானமும் இதேதான், அப்புறம் மூன்று மணிக்கும்.

"எப்படியும் தூக்கிவிடுகிறார்களே பாட்டி?" என்று அங்கிருந்த இளைஞர் ஒருவர் மூலம் கேட்டேன்.

"அதுவரைக்கும் கடலில் மண் விழவில்லையே" என்றார்.

ஜப்பானின் நிலப்பரப்பில் ஒகினாவா வெறும் 0.6 சதவீதம். ஆனால் அந்நாட்டில் அமெரிக்கப் படைகள் தனியாக வைத்திருக்கும் இடத்தில் சுமார் 70 சதவீதம் இந்தத் தீவில்தான். இதே தீவில் வேறொரு ஊர் நடுவே இருக்கும் ஃபுதென்மா என்ற அமெரிக்க விமானத்தளத்தைத் திருப்பித் தர 1996இல் ஒப்புக்கொண்டார்கள். சரி, அதற்குப் பதிலாக இந்தக் கடலைத் தூர்த்து ஓடுபாதை போடுவது என்ன நியாயம்? 2019 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் 72 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வேலை நிற்கவில்லை. ஒரு தீவு இதற்கு மேல் எப்படித்தான் சொல்லும்? 1945 போரில் செத்தவர்களின் எலும்புகள் இன்னும் கிடைக்கிற தெற்குப் பகுதி மண்ணையும் இதற்காகத் தோண்டும் திட்டம் இருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

கண்ணாடி அடித்தளப் படகில், ஹெனோகோவை ஒட்டிய ஓஉரா விரிகுடாவுக்குப் போனோம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உயிரினங்கள் வாழும் இடம். நீலப் பவளம் என்று காட்டினார்கள், எனக்குப் பழுப்பாகத்தான் தெரிந்தது. உள்ளே எலும்புதான் நீலம் என்றார் படகோட்டி. விரல் விரலாக நிமிர்ந்து, பெரிய சுவர் போல நிற்கிறது. அதன் இடுக்குகளில் குட்டி மீன்கள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தன.

இந்த விரிகுடாவின் அடிமண் சேறு மாதிரி இளகியது. கடல் மட்டத்திலிருந்து 90 மீட்டர் ஆழம் வரை அப்படித்தானாம். அதை இறுக்கச் சுமார் 70,000 மணல் தூண்களை இறக்குவது திட்டம்.

நம் பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசு இங்கே கடற்புல் மேய வந்துகொண்டிருந்தது. 2019 மார்ச்சில் இந்தத் தீவின் வடக்கே ஒன்று செத்து ஒதுங்கியது. இப்போதும் தடம் தெரிகிறதா என்று தேடிப் பார்ப்பதாகப் படகோட்டி சொன்னார். வேலை நடக்கும் எல்லையைக் குறிக்கும் ஆரஞ்சு மிதவைகளை நெருங்கியதும் காவல் படகிலிருந்து ஒலிபெருக்கி விலகச் சொன்னது. அவர் எஞ்சினைக் குறைத்தார், கண்ணாடிக்குக் கீழே இருந்த புல்வெளியிலிருந்து மட்டும் கண்ணை எடுக்கவில்லை.